நிக்கல் பூசிய கணவர்

முலாம் பட்டறையில் கலக்கும் மோட்டார் புகைந்து நின்றதும், பட்டறைக்காரி மேகலா ஒரு பிளாஸ்டிக் கழியைத் தொட்டிக்குள் விட்டுப் பச்சை நிற நிக்கல் கரைசலை வேகவேகமாகக் கலக்கினாள்.

"என்னாச்சுங்க?" என்று பதறினாள் வேலாத்தாள்.

"மோட்டார் போச்சுங்கக்கா. கலக்காம உட்டா உங்க ஊட்டுக்காரரு அடியில போய் உக்காந்துக்குவாரு. அப்புறம் வெறும் நிக்கல்தான் பூசும்."

கரைசலில் மிதந்தது வேலாத்தாளின் கணவர் ரங்கசாமியின் சாம்பல். மீதியை ஆற்றில் விட்டாயிற்று. இனி ஒரு பிடிகூடக் கிடைக்காது. கோவையில் இப்போது யார் இறந்தாலும் சாம்பலை முலாமில் கலந்து எதன்மேலாவது பூசிக்கொள்கிறார்கள். குத்துவிளக்கு, வண்டிச் சாவி, மூக்குக் கண்ணாடி என்று ஏதேதோ வரும். வேலாத்தாள் கொண்டுவந்தது ஒரு தாழ்ப்பாள்.

"கொடுங்க இப்படி!" என்று கழியைப் பிடுங்கி அவளே கலக்கினாள். வியர்த்து வழிந்தது. நிறுத்தவில்லை.

"அடேங்கப்பா, பாசத்தைப் பாரு!" மேகலா சிரித்தாள்.

கடைசியில் தாழ்ப்பாள் சாம்பல் நிறத்தில் மின்னிக்கொண்டு வெளியே வந்தது. மேகலா அதைக் கழுவித் துடைத்தாள்.

"சாம்பல் நல்லாப் புடிச்சிருக்குதுங்க. வாசக்கதவுக்கு வெளிய மாட்டினாலும் மழை வெயிலுக்குத் தேயாது."

"உள்பக்கம் மாட்டறதுக்குங்க. இனி நான் போட்டுக்கறதுக்கு."

"அப்ப வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாளு?"

"அதைக் கழட்டி வீசிட்டனுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து, வேலைக்குப் போறப்ப என்னை உள்ள வெச்சு அதைப் போட்டுட்டுத்தான் போவாரு."