இரண்டு இருந்தால் ஒன்று

கிள்ளான் வட்டாரப் பெற்றோர் அனைவருக்கும் ஒரு மாபெரும் நற்செய்தி: ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் குணத்தைக் கற்றுத்தரும் வழி, சென்ற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பண்டமாரானில் ஒரு தாமான் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில், சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

கண்டுபிடித்தவர் முகுந்தன். ஷா ஆலத்துக்காரர். தன்முனைப்புப் பேச்சாளர், அதாவது மேடையேறி ஊக்கமூட்டுபவர்.

‘வெற்றிக் குடும்பம்’ என்ற தலைப்பில் பள்ளி மண்டபம், கோயில் மண்டபம் என்று இதுவரை நூற்றுப் பத்து முறை பேசியிருக்கிறார். சொந்தக் குடும்பம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கலைந்துபோனது. தலைப்புக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை.

மகள் யஸ்வினி பண்டமாரானில் அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை முகுந்தனுக்கு.

நான்கு மணி நேரத்தில் ஒரு தகப்பன் என்னத்தைக் கொடுத்துவிட முடியும்? பலூன் வெடித்துவிடுகிறது. ஐஸ்கிரீம் உருகிவிடுகிறது. மற்ற ஆறு நாளும் ‘இது எங்க அப்பா சொன்னது’ என்று பிள்ளை சொல்லிக்கொள்ள, எதையாவது அவளுக்குள் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. நியாயமான ஆசைதான்.

அதனால் மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, மேடைக் குரலிலேயே சொன்னார். “எது ரெண்டு இருக்கோ, அதுல ஒண்ண இல்லாதவங்களுக்குக் கொடுத்துடணும். சரியாம்மா?”

“சரிப்பா.”

பாடம் உடனே வேலை செய்தது. வெறுங்காலோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஷபானாவுக்குத் தன் ஒரு செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யஸ்வினி கொக்கு மாதிரி தத்தித் தத்தி வந்தாள்.

செருப்பு திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது.

“ரெண்டுல எது இல்லாட்டியும் நீ சமாளிச்சுக்குவியோ, அத மட்டும் குடு.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷபானாவின் அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. “அண்ணே, நீங்கதானே எங்க மகன் ஸ்கூல்ல வந்து பேசினீங்க? பிள்ளைக்கு எவ்ளோ அழகா சொல்லிக் குடுக்கிறீங்கலா!”

முகுந்தன் அடக்கமாகத் தலையை ஆட்டினார். அடக்கம் முடிந்ததும் கைப்பேசியை எடுத்துப் பதிவை ஓடவிட்டார். அடுத்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் பேச்சு. இப்படி ஓர் உண்மைச் சம்பவம் இல்லாமல்தான் தவித்துக்கொண்டிருந்தார்.

யஸ்வினி சறுக்குமரத்தின் அடியில் நின்று வெகுநேரம் யோசித்தாள். பிறகு ஊஞ்சலுக்குப் போய் ஷபானாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அப்பா முன்னால் நிறுத்தினாள்.

“அப்பா, ஷபானாவுக்கு அத்தா இல்ல. மௌத்தாயிட்டாங்களாம். எனக்கு அப்பா ரெண்டு இருக்கு. அதனால நீங்க இவளுக்கு.”

ஷபானாவின் அம்மா சட்டென்று கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

“ரெண்டா?” என்றார் முகுந்தன். “ரெண்டு ஏதும்மா?”

“நீங்க ஒண்ணு. டாடி ஒண்ணு.”

டாடி. அவள் அம்மா மறுபடி கட்டிக்கொண்ட ஆள். அதற்கு முந்தின சனிக்கிழமைவரை அந்த ஆள் வெறும் விஜயன் அங்கிள். இடையில் எந்த நாளில் பதவி உயர்வு நடந்தது என்று முகுந்தனுக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

நூற்றுப் பத்து மண்டபங்களில் எழுந்து நின்றவர்கள் கேட்ட எத்தனையோ கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்கிறது. இப்போது அவரிடம் ஒரு கேள்விதான் இருந்தது. அதுவும் மேடைக் குரலில் வரவில்லை.

“ஏம்மா என்னைக் குடுக்கிற?”

யஸ்வினி பெருமூச்சு விட்டாள். மண்டையில் ஏறாத பிள்ளைக்குத் திரும்பச் சொல்லும் டீச்சரைப் போல விரல்விட்டுக் காட்டினாள். “டாடிதான ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போறாரு. காய்ச்சல் வந்தா கூடவே படுத்துக்கிறாரு. அவரு இல்லன்னா முடியாதுலா. நீங்க இல்லாட்டி நான் சமாளிச்சுக்குவேன்.”

பிழை எங்கே என்று முகுந்தன் தேடிப் பார்த்தார். வரிக்கு வரி அவர் சொன்னதுதான். பிள்ளை முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. பெரிய பொருளொன்றைத் தூக்கிக் கொடுக்கிற பூரிப்புதான் இருந்தது. அப்பா மெச்சுவார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் மெச்சினார். “வெரி குட்” என்றுகூடச் சொன்னார். பிறகு, குந்தியிருந்த இடத்திலிருந்தே, தன்னை வாங்கிக்கொள்ளப் போகிறவள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

ஷபானா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

டாடியைத் தர முடியுமா என்று கேட்டாள்.