எட்டாம் மாதத்து ரத்தம்

"டாக்டர், கொஞ்சம் வந்து பாருங்க. என் கண்ணு பொய் சொல்லுதா, மைக்ராஸ்கோப் பொய் சொல்லுதான்னு தெரியல."

ரத்தப் பரிசோதனைக் கூடத்து அக்கா லேசில் யாரையும் அப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை. இருபத்தொரு வருடமாக ஸ்லைடுகளில் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் அசராத முகம் அவளுக்கு வாய்த்திருந்தது. அதனால் குழந்தைகள் டாக்டர் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"யாரோடதுக்கா?"

"நம்ம குட்டியோடது. எட்டாம் மாசத்து ரத்தம்."

எட்டு மாதக் குழந்தையான குட்டிக்குப் பிறவியிலேயே அரிவாள் அணு நோய். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் உயிர் போகிற வலி வரும். ஆனால் பிறந்த கையோடு அது தலைகாட்டுவதில்லை. கருவில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது. அக்கா அதற்குச் செல்லமாக வைத்த பெயர் கருவறைச் சரக்கு. அது நிறைய இருக்கிறவரை அணுக்கள் வளையாது. பிறந்த பிறகு அது மாதாமாதம் குறையும், குறையக் குறைய அரிவாள்கள் முளைக்கும்.

மாதம் தவறாமல் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் மாதம் சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்த மாதிரி எல்லாம் வட்ட வட்டமாக இருந்தன. ஐந்தாம் மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளைசல். போன மாதமோ எண்ணி மாளவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை அவள்.

இந்த ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கு ஒரே அட்டை, ஒரே எண். இன்று குட்டியின் அட்டையோடு ரத்தக் குழாய் வந்து சேர்ந்தபோது, மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் ஸ்லைடைத் தேய்த்தாள்.

டாக்டர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தாள். "என்னக்கா இது? அரிவாளையே காணோம்."

"தேடுங்க. ஓரத்துல ரெண்டு மூணு கிடைக்கும்."

"மெஷின்ல போட்டீங்களா?"

"ரெண்டு தடவை போட்டுட்டேன். கருவறைச் சரக்கு போன மாசம் நூத்துக்கு இருபத்திரண்டு. இப்ப முப்பது. மிச்சம் அத்தனையும் அரிவாள் சரக்குதான், நல்லது மருந்துக்குக்கூட இல்ல. ஆனா அந்த முப்பதே எல்லாத்தையும் வளையாம பிடிச்சு வச்சிருக்கு."

"குறைஞ்சது திரும்பக் கூடுமா?"

"நான் பார்த்து இதுவரைக்கும் கூடினதில்ல."

இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். வட்ட வட்டமான சிவப்பை விட்டு அவர்கள் கண் அகலவே இல்லை. அந்த ஸ்லைடில் வெள்ளை அணுக்களும் கிடந்தன, அவற்றை யார் கவனித்தார்கள்? உள்ளுக்குள் இத்தனை கோளாறு இருந்தும் ஒரு துளி ரத்தம் இப்படித் தன்னைத் தானே காத்துக்கொள்ளுமா என்று அக்காவுக்குப் புல்லரித்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, வெளியே அவங்க அப்பா உக்கார்ந்திருக்கார். சொல்லிடலாம்."

எப்போதும் குட்டியின் அம்மாதான் வருவாள். இன்று அவளுக்குக் காய்ச்சல். வேலையிலிருந்து முதல் தடவையாக லீவு போட்டு அப்பா வந்திருந்தார். குட்டி அவர் தோளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் விவரம் சொல்லச் சொல்ல, அவர் மூச்சு விடாமல் கேட்டார்.

"எனக்குப் படிப்பு கம்மிங்க. வீடு மாத்துற வண்டியில பீரோ, பிரிட்ஜ் தூக்குறவன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்ப நீங்க சொன்னீங்களே, இந்த மாதிரி ரத்தத்தை வச்சுக்கிட்டு யாராச்சும் வளர்ந்து, ஆளாகி, வேலைவெட்டிக்குப் போயிருக்காங்களா?"

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. "இவ்வளவு கருவறைச் சரக்கு கடைசி வரைக்கும் நிலைச்சு நின்ன பெரியவங்க உண்டு. வலி, கிலி எதுவும் தெரியாமலே இருந்திருக்காங்க. ஆனா நான் புத்தகத்துல படிச்சதுதான்."

"நேர்ல பார்த்ததில்லையா?"

"இல்லைங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"புத்தகத்துல இருக்கிறவங்க நம்ம வீட்டுக்கா வரப்போறாங்க?" என்று அவர் குட்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சார், பாப்பா முழிச்சிட்டாளா? கொண்டு வாங்க, ரத்தம் எடுத்துடலாம்."

"மறுபடியும் எதுக்கு? அதான் ரிசல்ட்டே வந்தாச்சே" என்றாள் டாக்டர்.

"பாப்பா ரிசல்ட்டா? காலையில அப்பாவை வெளியே உட்கார வச்சுட்டுக் குத்திப் பார்த்தேன், அவளுக்கு நரம்பே கிடைக்கல டாக்டர், அழுது அழுது தூங்கிட்டா. பரம்பரை நோயாச்சே, என்னைக்கும் வராத அப்பா வந்திருக்காரே, அவர் ரத்தத்தையும் சோதிச்சிடலாம்னு, அவரோடதை மட்டும் எடுத்து அதே அட்டையில கட்டி அனுப்பினேன்."

வெள்ளை அணுக்களை ஒரு தடவை கவனித்திருந்தாலே இது பெரியவர் ரத்தம் என்று தெரிந்திருக்கும். அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தாறு வயதுவரை தன் உடம்பில் ஓடுவது அரிவாள் ரத்தம் என்றே தெரியாமல், ஊர்ப்பட்ட வீடுகளின் பீரோவையெல்லாம் மாடியேற்றிவிட்டு, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார் அந்தப் புத்தகத்து மனிதர்.