மகளுக்கு ஒரு மஞ்சள் அறை

"இந்த மஞ்சள் வேணா. வெள்ளையே போதும். ஒரு சின்னப் புள்ளட அறைக்கு எதுக்கு இவ்வளவு கூத்து?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஹிமாயாவின் குரலைக் கேட்டதும், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கைருன்னிஸாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"பூசித்தான் பாப்பமே. எண்ட மகள் மொத மொதலா இந்த ஊட்டுக்கு வாறா. அறையக் கண்டதும் மொகம் மலரோணும்." இது அவள் புருஷன் பஸால்.

"அந்தப் புள்ள பாயில படுத்துப் பழகினது. புதுக் கட்டிலும் வேணா, சுவர் நிறையப் பூவும் வேணா."

கைருன்னிஸா ஈரத் துணியைப் படாரென்று உதறினாள். பாயாம்! இப்படியும் ஒரு பொம்புளை இருப்பாளா?

அந்தச் சோடி கல்முனைக்குடிக்கு வாடகைக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான். கலியாணம் முடித்ததும் அதற்குச் சற்று முன்புதான். பஸாலுக்கு ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் வேலை. பொத்துவிலில் சொந்தக்காரர் வீட்டில் வளரும் மகளைக் கூட்டிவந்து தங்களோடு வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று அவனே ஒருநாள் கைருன்னிஸாவிடம் சொன்னான். தொலைபேசியில் படமும் காட்டினான்.

"எண்ட மகள், ராத்தா. பேர் றிபா. முன்பல்லு ரெண்டும் உழுந்திட்டு." சொல்லும்போது அவனுக்கு வாயெல்லாம் பல்.

ஹிமாயாவோ மறந்தும்கூட 'என் மகள்' என்று சொன்னதில்லை. எப்போதும் 'அந்தப் புள்ள'தான். மிச்சத்தைக் கைருன்னிஸா தானே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டாள்.

"வாப்பாட ரெண்டாம் தாரம் எண்டா இப்படித்தான்," என்று புருஷன் சீனிமுகம்மதுவிடம் பொருமினாள். "தாயில்லாத புள்ளைக்கு ஒரு நல்ல கட்டில் போடவும் மனசு வருகுதில்ல."

"நீ அவங்கக்கிட்டக் கேட்டுப் பாத்தியா?"

"கேக்கோணுமா? எனக்குக் கண் இரிக்கிதானே!"

அதற்குமேல் பொறுக்க அவளால் முடியவில்லை. கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

அறை மஞ்சளாகவே மலர்ந்திருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தலைமுடியெல்லாம் பெயின்ற் தெறிக்க, பஸால் ஏணியில் நின்று முகட்டில் வெள்ளி நட்சத்திரங்களை ஒட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலில் முயல் படம் போட்ட திரை. கட்டிலுக்கு மேலே இளஞ்சிவப்பு நுளம்பு வலை. கீழே ஹிமாயா, அவன் வாங்கிவந்த புது விரிப்பைத் திரும்பவும் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் மடிக்கிறீங்க?" என்றான் பஸால்.

"பழசு நல்லாத்தானே இரிக்கி. இது கடைக்குத் திருப்பிக் குடுக்கலாம்."

பஸால் இறங்கி வந்து, உறையைப் பிரித்து விரிப்பைக் கட்டிலில் போட்டான். ஹிமாயா விருட்டென்று குசினிக்குள் போய்விட்டாள். கைருன்னிஸாவும் விடவில்லை, பின்னாலேயே போனாள்.

"ஹிமாயா, ஒரு கதை சொல்லுவன், கோவிக்கப்படா. புள்ள எண்டது அல்லாஹ் நம்பித் தந்த அமானிதம். அந்தச் சின்னது என்ன பாவம் செஞ்சிது? தம்பி எவ்வளவு ஆசையாச் செய்றார். நீங்க குறுக்க நிக்கிறது சரியில்லகா."

ஹிமாயா தலையைக் குனிந்துகொண்டாள். "ஓம் ராத்தா. அவர் ஆசையாத்தான் செய்றார். எனக்குத்தான் பயமாயிரிக்கி."

"என்ன பயம்?"

"இவ்வளவும் செஞ்சிட்டு, நாளைக்கி அவருக்குப் புள்ள சலிச்சிப்போனா?"

அட, நினைப்பு அப்படியா போகிறது! கைருன்னிஸா இடுப்பில் கையை ஊன்றினாள். "சலிக்கிறதா? ஒரு வாப்பாவுக்கு மகள் சலிப்பாளா? அப்படி ஒரு நாளும் நடக்காது, சொல்லிட்டன்!"

ஹிமாயாவின் கண்கள் நிரம்பிவிட்டன. சட்டென்று கைருன்னிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெய்யாத்தான் சொல்றீங்களா ராத்தா?"

முதலைக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு கைருன்னிஸா வீடு திரும்பினாள். கறிவேப்பிலையை மறந்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரிக் கேட்டுவிட்ட திருப்தியில், அன்றைக்குச் சோறுகூட ஒரு பிடி அதிகமாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பொத்துவில் வேன் வந்து நின்றது. அந்தப் பிள்ளையை வரவேற்க ஒரு ஆளாவது மனசோடு நிற்கவேண்டும் என்று கைருன்னிஸா வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வாசலுக்கு வந்திருந்தாள். சிற்றன்னைக்காரி முகத்தைச் சுளித்தால் பிள்ளையை வாரித் தன் மடியில் வைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தாள்.

வேன் கதவு திறந்தது. பொக்கை வாயும் புதுச் சட்டையுமாக றிபா குதித்து இறங்கினாள். பஸால் ஓடிப்போய் மணலில் முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்தான்.

பிள்ளை மிரண்டு நின்றாள். பிறகு அவனைச் சுற்றி விலகி, ஒரே ஓட்டமாக ஓடிவந்து ஹிமாயாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவள் வயிற்றில் புதைத்தபடி கேட்டாள்:

"உம்மா... அந்த அங்கிள் நல்லவரா?"