முன்வாசல் இல்லாத வீடு

இத்தாலியின் விச்சென்ஸா நகருக்கு வெளியே, குன்றின்மேல் எழுந்த புது மாளிகையின் வட்டக்கூடத்தில் ஓர்சோலா நிலைகொள்ளாமல் சுற்றுகிறாள். நாலு பக்கமும் ஒரே மாதிரி வாசல், ஒரே மாதிரி தூண்கள், ஒரே மாதிரி படிகள். இதைக் கட்ட அப்பா வயல்களை விற்றாரென்று கோபித்துக்கொண்டு போன அவள் மகன் அல்வீஸே இன்று திரும்பி வருகிறான். யாராவது இறங்கிப்போய் அழைக்காமல் படியேறுகிற பிள்ளையல்ல அவன். குளம்பொலி கேட்கிறது, குவிமாடம் அதை வாங்கி நாலு வாசலிலும் இறைக்கிறது. "எந்தப் பக்கம்டி, ஸானெட்டா?" "எனக்கென்னம்மா தெரியும்? முன்வாசல்னு ஒண்ணு வெச்சுக் கட்டியிருந்தா சொல்லலாம்!" என்கிறாள் பணிப்பெண். ஓர்சோலா கிழக்கே ஓடுகிறாள், வெறும் வெயில். தெற்கே, காக்கை எச்சம் வழியும் கற்சிலைகள். பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி மேற்குக் கதவைத் தள்ளுகிறாள். கடைசிப் படியருகே குதிரை லத்தி ஆவி பறக்கக் கிடக்கிறது. திராட்சைக் கொடிகளுக்குள் வளையும் பாதையில் புழுதி இன்னும் அடங்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னே, கூடத்துக்குள், குளம்பொலி நாலு வாசல் வழியாகவும் தேய்ந்துகொண்டே போகிறது.