பிரேமுக்கு வெளியே

“வெறும் பிரேமைச் சுவத்துல மாட்டி மாலை போடப் போறியா? கருமாதிக்கு வர்ற சனம் கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போகணுமா?”

புஷ்பவதி கேட்ட கேள்விக்கு, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதல்லவா?

சஞ்சீவ் தான் கொண்டுவந்திருந்த தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். றக்வான மலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழும்பில் கம்பஸ் பிள்ளைகளுக்குச் சினிமா பற்றிப் பாடம் எடுக்கும் அளவுக்குப் போனவன். சினிமா எடுப்பவன் அல்ல; சினிமாவைப் பற்றிப் பேசுபவன். அதற்கும் மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறார்களாம். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சின்னம்மா புஷ்பவதிக்கு இது இன்னமும் செரிக்கவில்லை.

அவனுடைய அம்மா வெள்ளையம்மாவுக்கு நாளைக்குக் கருமாதி. படையலுக்கு முன்னால் வைக்க ஒரு படம் கிடையாது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவளை யார் போட்டோ பிடித்தார்கள்? இருந்தது ஒன்றுதான்: தொண்ணூற்று மூன்றில் நடந்த மகள் சுமித்ராவின் கல்யாண வீடியோ கசெட். அப்போது லயத்தில் கரண்ட் இல்லை. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கொழும்புக்குக் கொண்டுபோன சஞ்சீவ், திருப்பித் தரவேயில்லை. அம்மாவை நாலு பேருக்குக் காட்ட அவனுக்கு வெட்கம் என்று புஷ்பவதி லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கசெட்டை ஓட்டி, வெள்ளையம்மா வரும் இடத்தில் நிறுத்தி, அதை அப்படியே படம் பிடிக்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். ஸ்டூடியோ முக்தார் நானாவை டிவி, வீடியோ டெக், கமெரா சகிதம் டவுனிலிருந்து வரவழைத்தும் விட்டாள்.

“வேணாம் சின்னம்மா,” என்றான் சஞ்சீவ். “படத்துல இருக்கிறது முக்கியமில்ல. இல்லாததுதான் முக்கியம். ஒவ்வொரு பிரேமும் யாரையாவது வெளிய தள்ளிட்டுத்தான் படமாகுது. அதைத்தான் நான் புத்தகமா எழுதியிருக்கேன்.”

“பிரேம் எப்படிப்பா தள்ளும்? அதுக்குக் கை இருக்கா?”

பச்சை குத்திய வலது கையை நீட்டி நீட்டிப் பேசுவது புஷ்பவதியின் வழக்கம். குத்தியிருப்பது தேள். தேள் அவளிடம் கையில் மட்டும் இல்லை என்பது ஊரறிந்த விஷயம்.

“தம்பி, நீங்க தந்த அந்தப் புத்தகத்தை நானும் வாசிச்சிப் பாத்தேன்,” என்றார் முக்தார், டெக்கின் வயரை மாட்டியபடி. “எழுத்தெல்லாம் தமிழ்தான். ஒரு பக்கம் தாண்ட முடியல்ல.”

“அதான் நானா, வெறுங்காத்த அளந்து புத்தகம் போடுறது! பெத்தவ மொகத்தக் காட்டச் சொன்னா மட்டும் மனசு வராது.”

சஞ்சீவ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அப்போதுதான் சுமித்ரா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் குழந்தை.

“அண்ணே, கண்ண மூடினா எனக்கே இப்பவே அம்மா மொகம் கலங்கலாத்தான் வருது. இவளுக்கு நான் எதைக் காட்டி அம்மாயின்னு சொல்றது?”

சஞ்சீவ் எழுந்து, பெட்டியைத் திறந்து, கசெட்டை எடுத்து நீட்டினான். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

நாதஸ்வரம் முழங்கியது. கோயில் பந்தல், மணவறை, மாப்பிள்ளை. புஷ்பவதிக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாருங்க, முன்ன நின்னு நான் நடத்துன கல்யாணம். தகப்பன் இல்லாத புள்ளன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? ஒரு சாஸ்திரம் பெசகல.”

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறும் நேரம். திரையின் ஓரத்தில், பொட்டில்லாத நெற்றியோடு, கையில் அரிசியோடு வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் முகத்தில் முழுசாக விழுந்தது. சிரித்தாள். அடுத்த கணம் ஆளைக் காணவில்லை.

முக்தார் பின்னால் ஓட்டி நிறுத்தினார். படம் கோடு கோடாக நடுங்கி நின்றது.

“மொகம் தெளிவா விழுறது இந்த ஒரு எடந்தான். ஆனா தோளைப் புடிச்சி யாரோ வெளிய தள்ளுறாங்க. அந்தக் கை இல்லாம எடுக்க ஏலாது.”

சுமித்ரா விசும்பினாள்.

“பெத்தவளத் தள்ளுன பாவி யாருடி அது?” புஷ்பவதி ஆவேசமாக எழுந்து டிவிக்குக் கிட்டப் போனாள்.

“போட வேணாம்னு அதுக்குத்தான் சொன்னேன் சின்னம்மா,” என்றான் சஞ்சீவ், திரும்பாமலே.

வெள்ளையம்மாவின் தோளை அழுத்திப் பிடித்திருந்த அந்தக் கையில், மணிக்கட்டுக்கு மேலே, பச்சைத் தேள் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டிருந்தது.