பரணியில் போன மாமனார்

கிட்ட வந்து உக்காருங்க. இன்னுங் கொஞ்சம். சத்தம் போட்டுச் சொன்னா கேரள எல்லையில இருக்கற நம்ம பெருமாட்டியில இன்னைக்கும் சிலருக்குக் கோவம் வரும்.

எமர்ஜென்சி முடிஞ்ச வருசம். தென்னந்தோப்புக்குள்ள ராக்கப்பன் ஊடு. அவன் அம்மா காளியாத்தாளுக்கு நெஞ்சு பலவீனம். தினம் ஒரு மாத்திரை. எடுத்துக் குடுக்கறது மருமவ மருதாத்தாள். ஒருநாளும் தவற மாட்டா.

ஒருநாள் கெழவி சோத்துத் தட்டத் தள்ளி வெச்சுட்டா.

"ஏன்டி, வெறுஞ்சோத்துல எதுக்கு மஞ்சளக் கொட்டுன?"

சோறு வெள்ளையாத்தான் இருந்துச்சு.

மறுநாள் வெள்ளை மாடு மஞ்சளாத் தெரிஞ்சுது. அப்பறம் சுவரு. அப்பறம் பெத்த மவன் மூஞ்சி. ஒரு மத்தியானம் கெணத்து மேட்டக் கை காட்டுனா.

"உங்கப்பன் உக்காந்திருக்கறாரு பாரு. முதுகக் காட்டிக்கிட்டு."

அப்பன் குப்பண்ணன் செத்துப் பல வருசம். ராக்கப்பன் ஓடிப்போய்ப் பார்த்தான். ஒண்ணுமில்ல. ஆனா அன்னையோட அந்தக் கெணத்துல தண்ணி எறைக்கறத நிறுத்திட்டான்.

"மருமவ மாத்திரையில என்னத்தையோ வெச்சுக் குடுக்கறா" என்றாள் பக்கத்து ஊட்டுக்காரி. கெழவி அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அங்க கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரம்மா ரத்தம் எடுத்தாங்க, மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்க, இன்னொண்ணும் கேட்டாங்க, அத எடுக்கற வெதத்தையும் சொன்னாங்க. அதக் கேட்டதும் கெழவி கீழ காறித் துப்பிட்டு எந்திரிச்சுட்டா.

"அது இந்த மருமவ கையில கெடைச்சா செய்வினை வெச்சு என்னையக் கட்டிப் போட்டுருவா. செத்தாலுந் தர மாட்டேன்."

ஊடு வந்து சேர்ந்தாங்க. மாத்திரைய நிறுத்துனதுல காலு வீங்குச்சு, மூச்சு இழுத்துச்சு. தின்னாப் பேயி, திங்காட்டி மூச்சு. கெழவி இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடந்தா. கெணத்து மேட்டுல அவரு அப்படியேதான் உக்காந்திருந்தாராம்.

மறுநா உச்சிப் பொழுது. காத்தே இல்ல. ஒரு தென்னமட்டைகூட அசையல. கஞ்சி கொண்டு வந்த மருதாத்தாள் வாசப்படியிலயே நின்னுட்டா. கிண்ணம் கீழ விழுந்துச்சு. கொண்டை தானா அவுந்துச்சு. தொண்டையில இருந்து ஆம்பளைக் கொரல் வந்துச்சு.

"காளியாத்தா!"

ராக்கப்பன் நெடுஞ்சாங்கிடையா விழுந்தான். "அப்பா!"

"நான் கெணத்துல இல்ல. உன்ற ஒடம்பு நீர்ல கட்டுண்டு கெடக்கறேன். என்னைய அவுத்து உடுங்க."

"எப்படிங்க அவுக்கறது?" கெழவி படுத்த எடத்துல இருந்தே கையெடுத்துக் கும்புட்டா.

"நாளைக்குப் பொழுது கெளம்பறப்ப மொதல்ல போற நீர மண்ணுல உட்டுரு. அது என்னோடதில்ல. அதுக்கப்பறம் ஒரு சொட்டு மண்ணத் தொடக்கூடாது. அம்புட்டும் ஊறுகாய் பரணியில புடி. மறுநா பொழுது கெளம்பறப்பப் போறதையும் சேர்த்து அடைச்சு மூடு. வேற ஆளோடது கலந்துதோ, நான் இந்த ஊட்ட உட்டுப் போகவே மாட்டேன்."

"யாருங்க கொண்டு போறது?" என்றான் ராக்கப்பன்.

"பழி சுமக்கறவ சுமக்கட்டும். எல்லை தாண்டிக் கொண்டு போகட்டும்."

சொன்னதும் மருதாத்தாள் மரமாட்டம் சாஞ்சா. கண்ணு முழிச்சப்ப, "கஞ்சிய யாருங்க கொட்டுனது?"ன்னு கேட்டா.

பக்கத்து ஊட்டுக்காரி மூக்கு மேல வெரல வெச்சா. "கெட்டவ மேலயே வந்து எறங்கிட்டாரு பாரு!"

அடுத்த நாள். ஊறுகாய் பரணியச் சுடுதண்ணி ஊத்திக் கழுவி, வாழையடி நெழல்ல ஈரச் சாக்கு சுத்தி வெச்சாங்க. கெழவி மூச்சு வாங்க வாங்க அங்க போவா, வருவா. யாரையும் கிட்ட அண்ட உடல. ஒருக்கா மூடியில காத வெச்சுக் கேட்டுட்டு, "உள்ளாரதான் இருக்கறாரு"ன்னா.

மறுநா காலையில மருதாத்தாள் பரணிய மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல உக்காந்தா. பஸ்ஸு குலுங்கறப்பெல்லாம் உள்ளாரத் தளும்புச்சு.

"பரணியில எந்தா?" என்றான் மலையாளத்துக் கண்டக்டர்.

"என்ற மாமனாருங்க."

அவன் டிக்கெட்டக் குடுத்துட்டு முன்னால போனவன், அவ எறங்கற வரைக்கும் பின்னால வரவேயில்ல.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பரணியத் தெறந்து அளந்து பார்த்தாங்க.

"ஒருநாள் பூராவும் போனதா? நடுவுல எதுவும் வெளிய போகலையே?"

"ஒரு சொட்டு மண்ணத் தொடலீங்க."

பொழுது சாயறப்பத்தான் கணக்குப் போட்டு முடிச்சாங்க. "இந்த நீரையும் அன்னைக்கு எடுத்த ரத்தத்தையும் வெச்சுப் பார்த்தா, உங்க மாமியாருக்குச் சிறுநீரகம் கால்வாசிதாம்மா வேலை செய்யுது. மருந்து வெளிய போகாம ஒடம்புலயே தங்கித் தங்கி விஷமா ஏறியிருக்கு. அந்த மஞ்சளும், கெணத்து மேட்டுப் பெரியவரும் அந்த மருந்தோட வேலைதான்."

மருதாத்தாள் கேட்டா, "அப்ப, விஷம் வெச்சது நானேதானுங்களா?"

"உனக்கெப்படிம்மா தெரியும்? மூணு நாள் கழிச்சு ஆரம்பி. ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மாத்திரை. கூடினாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. வாரம் ஒருக்காக் கூட்டிட்டு வந்து காட்டு." டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாங்க. "ஆமா, அன்னைக்குக் காறித் துப்பிட்டுப் போனாங்களே, எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

மருதாத்தாள் காலிப் பரணியக் கையில எடுத்துக்கிட்டா. "இன்னொருக்காச் சொல்லுங்க. எம்புட்டு மாத்திரை, என்னைக்கு என்னைக்கு?"

ஊருக்கு வந்து பஸ்ஸ விட்டு எறங்குனவ, தோப்புக்குப் போற வேலிச் சந்துல நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தா. ஈ காக்கா இல்ல. காலிப் பரணியக் கீழ வெச்சா. கொண்டையத் தன் கையாலயே அவுத்து முதுகுல பரப்பி உட்டா. தொண்டையச் செருமி, ஆம்பளைக் கொரல்ல மெல்லச் சொல்லிப் பார்த்தா.

"ஏய் காளியாத்தா! மூணு நாள் போகட்டும். அதுக்கப்பறம் மருமவ கையால, ஒருநாள் உட்டு ஒருநாள், அரை மாத்திரை..."

கொரல்ல கனம் பத்தல. மறுக்காச் செருமிட்டு, மொதல்ல இருந்து ஆரம்பிச்சா.