இரண்டு தட்டு

நிலக்கரியில் தீப்பிடித்தால் சுரங்கத்தின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். காற்றில்லாமல் தீ தானாகச் செத்துவிடும். உள்ளே ஆட்கள் இருக்கையில் அடைப்பது வழக்கமில்லை. கரியெல்லாம் போய்விடும் என்று முதலாளி இன்று அடைக்கச் சொல்லிவிட்டார். சுவருக்குள் புகுந்து போகும் இரும்புக் குழாயின் அருகே, சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார் மேஸ்திரி தேவசகாயம். உள்ளிருந்து மூன்று தட்டு வந்தால் உயிரோடிருக்கிறோம் என்று அர்த்தம். இவர் திருப்பி இரண்டு தட்டினால், வந்துகொண்டிருக்கிறோம், அங்கேயே இருங்கள். தட்டிக்கொண்டே இருக்கும்படி அவருக்கு உத்தரவு.

உள்ளே சிக்கியவர்களில் ஒருவனின் மனைவி செங்கமலம் ஓடிவந்து குழாயில் காதை வைத்தாள். மூன்று தட்டு கேட்டது; தேவசகாயம் திருப்பி இரண்டு தட்டினார்.

"உசுரோடதான் இருக்காகண்ணே."

"ஆமா தாயி."

"பொறவு சுவரு எதுக்கு?"

அவர் சுத்தியலைப் பார்த்தபடி, "புகை அவுக பக்கம் திரும்பாம இருக்க," என்றார்.

"அப்ப வெரசா கட்டுங்கய்யா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கலவைக்குத் தண்ணீர் சுமந்தாள். கொத்தனார்கள் யாரும் தலை நிமிரவில்லை. சுவர் மளமளவென்று ஏறியது. குழாயில் மறுபடி மூன்று தட்டு கேட்டது. தேவசகாயத்தின் கை எழவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுத்தியலை வாங்கி அவளே இரண்டு முறை தட்டினாள்.